திடலோரம் – வாசகர் கேள்வி பதில்: ஏழு ஆட்டங்களை வைத்து ஸ்லாட்டை எடைபோடலாமா?

இது 2024 அக்டோபர். அனைத்துலக ஆட்டங்களுக்காக இங்கிலாந்து பிரிமியர் லீக் இரண்டு வாரம் ஓய்வில் இருக்கிறது. 2024/25 பருவத்தில் ஒவ்வொரு குழுவும் ஏழு ஆட்டங்களை முடித்துவிட்டது. இந்த மாதம் வந்த கடிதங்களிலும் வாட்ஸ்அப் செய்திகளிலும் முக்கால்வாசி ஒரே ஆளைப் பற்றியவை: க்ளோப் விலகிய பிறகு லிவர்பூலுக்கு வந்த புதிய நிர்வாகி (தலைமைப் பயிற்றுநர்) ஆர்னே ஸ்லாட். அதனால் இந்த இதழில் அவருக்குத்தான் அதிக இடம்.

அண்ணே, 18 புள்ளிகளோடு முதலிடத்தில் இருக்கிறோம். ஆனால் கடையில் உட்கார்ந்தால் கூட்டாளிகள், "இது க்ளோப் கட்டிய குழு, ஸ்லாட்டுக்கு இதில் என்ன பெருமை?" என்று வாயை அடைக்கிறார்கள். என்ன பதில் சொல்வது?
– லிவர்பூல் ரசிகர், செந்தூல்

கூட்டாளிகள் சொல்வது சரிதான் தம்பி, குழு க்ளோப் கட்டியதுதான். ஆனால் ஸ்லாட்டை எடைபோட அதைவிட நல்ல வசதி வேறு கிடையாது.

பொதுவாகப் புதிய நிர்வாகி வந்தால் கூடவே நான்கைந்து புது ஆட்டக்காரர்களும் வந்துவிடுவார்கள். குழு நன்றாக ஆடினால் அது நிர்வாகியின் வேலையா, வாங்கிப் போட்ட ஆட்களின் திறமையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. லிவர்பூலில் அந்தக் குழப்பமே இல்லை. ஸ்பெயினின் மத்தியத் திடல் ஆட்டக்காரர் சுபிமெண்டியைக் கேட்டார்கள், அவர் வரவில்லை. இந்தப் பருவம் ஆடுவதற்கென்று வாங்கிய ஒரே ஆள் ஃபெடெரிகோ கியேசா. அவரும் லீக்கில் இன்னும் சில நிமிடங்களுக்கு மேல் ஆடவில்லை. தியாகோவும் மாத்திப்பும் போய்விட்டார்கள். மற்றபடி அதே கால்கள், அதே முகங்கள். ஆட்டம் மாறியிருக்கிறது என்றால் மாற்றியவர் ஒருவர்தான்.

மாறியிருக்கிறதா? போன பருவத்தின் முதல் ஏழு ஆட்டங்களை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். 16 புள்ளி, அடித்தது 16 கோல், வாங்கியது 7. இந்தப் பருவம் 18 புள்ளி, அடித்தது 13, வாங்கியது 2. புள்ளியில் பெரிய வித்தியாசம் இல்லை. கோல்கூட குறைவாகத்தான் அடித்திருக்கிறார்கள். ஆனால் போன வருடம் அந்த ஏழில் நான்கு ஆட்டங்களில் எதிரணிதான் முதலில் கோல் போட்டது: போர்ன்மத், நியூகாசல், உல்வ்ஸ், டோட்டன்ஹாம். நான்கு சிவப்பு அட்டைகளும் வாங்கினார்கள். நியூகாசலில் பத்துப் பேரோடு ஆடி, கடைசியில் நூனியெஸ் வந்து இரண்டு கோல் போட்டு ஜெயித்தது ஞாபகம் இருக்கும். பார்க்க ஆனந்தம்தான், நானும் கத்தினேன். ஆனால் ஒவ்வொரு வாரமும் விழுந்து எழுந்து ஜெயிக்கிற குழுவுக்கு ஏப்ரல் மாதம் வரும்போது மூச்சு இருக்காது. போன ஏப்ரலில் அதுதான் நடந்தது.

இந்தப் பருவம் லீக்கில் எதிரணி முதல் கோல் போட்டது ஒரே ஆட்டத்தில். ஐந்து ஆட்டங்களில் கோலே வாங்கவில்லை. சிவப்பு அட்டை இல்லை. நான் பார்த்தவரை காரணம் இதுதான்: பந்து கையில் இருக்கும்போதே பந்து பறிபோகும் நேரத்துக்குத் தயாராக இருக்கிறார்கள். கிராவன்பெர்க்கும் மெக் அலிஸ்டரும் மத்தியத் தற்காப்புக்கு முன்னால் பக்கம் பக்கமாக நிற்கிறார்கள். இரண்டு ஓரத் தற்காப்பு ஆட்டக்காரர்களும் ஒரே நேரத்தில் மேலே ஓடுவதில்லை. வேன் டைக் பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு, எதிரணி ஆள் தன்னை நோக்கி வரட்டும் என்று நிற்கிறார். வந்ததும் அவர் விட்டு வந்த இடத்துக்குப் பந்து போகிறது. அவசரம் குறைந்திருக்கிறது. க்ளோப் காலத்தில் நாம் பழகிய அந்த வெறி கொஞ்சம் அடங்கியிருக்கிறது என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். எனக்கு வருத்தம் இல்லை.

கூட்டாளிகளுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். நல்ல குழு கைக்கு வந்தாலே போதும் என்றால், 2013இல் மென்செஸ்டர் யுனைடெட்டில் ஃபெர்குசன் விட்டுப்போன சாம்பியன் குழுவை வைத்து டேவிட் மோய்ஸ் ஜெயித்திருக்க வேண்டும். முதல் ஆட்டத்தில் ஸ்வான்சியை அவர்கள் மண்ணிலேயே 4-1 என்று அடித்தார்கள். ஏப்ரலில் மோய்ஸ் வேலையில் இல்லை. குழு ஏழாவது இடத்தில் முடித்தது.

ஸ்லாட் யாரை ஜெயித்துவிட்டார் என்று இவ்வளவு ஆரவாரம்? பட்டியலில் கீழே கிடக்கும் குழுக்களைத்தானே?
– அர்செனல் ரசிகை, கிள்ளான்

நியாயமான கேள்வி, தட்டிக் கழிக்க மாட்டேன். இந்த ஏழில் மூன்று எதிரணிகள் இன்றைக்குக் கடைசி நான்கு இடங்களில் இருக்கின்றன: இப்ஸ்விச், கிரிஸ்டல் பேலஸ், உல்வ்ஸ். ஜெயித்த பெரிய பெயர் மென்செஸ்டர் யுனைடெட் ஒன்றுதான். அதுவும் 14ஆவது இடத்தில் நிற்கிறது. உங்கள் அர்செனல் இதற்குள் ஆஸ்டன் வில்லா, டோட்டன்ஹாம், மென்செஸ்டர் சிட்டி மூவரையும் அவரவர் மண்ணில் சந்தித்துவிட்டு 17 புள்ளியோடு இருக்கிறது. அந்த 17க்கு எடை அதிகம் என்று நீங்கள் வாதாடினால் நான் எதிர்த்துப் பேச மாட்டேன்.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாம்பியன்ஸ் லீக்கில் சான் சீரோவில் 3ஆவது நிமிடத்திலேயே மிலானின் புலிசிச் கோல் போட்டார். அந்த அரங்கத்தில் அப்படி ஆரம்பித்தால் பல குழுக்கள் கலைந்துவிடும். லிவர்பூல் கலையவில்லை. கொனாட்டே தலையால் ஒன்று, வேன் டைக் தலையால் ஒன்று, அப்புறம் சொபோஸ்லாய். 3-1. எதிரணி பலவீனம் என்ற காரணம் அந்த இரவுக்குப் பொருந்தாது.

நோட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டிடம் வீட்டிலேயே தோற்றதை மறந்துவிட்டுப் புகழ்கிறீர்களே, ஐயா? எனக்கு அந்த ஆட்டம்தான் உண்மையைக் காட்டியது என்று தோன்றுகிறது.
– பட்டர்வொர்த் வாசகர்

மறக்கவில்லை ஐயா. இந்த ஏழு ஆட்டங்களில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது செப்டம்பர் 14தான்.

மலேசியாவில் நமக்கு அது சனிக்கிழமை இரவு பத்து மணி. செந்தூலில் நான் வழக்கமாக உட்காரும் மாமாக் கடையில் கூட்டம் நிறைந்திருந்தது. முன்பு யுனைடெட்டை 3-0 என்று அடித்த அதே பதினொரு பேரை ஸ்லாட் இறக்கினார். இடையில் அனைத்துலக ஆட்டங்கள். லூயிஸ் டியாஸும் மெக் அலிஸ்டரும் தென் அமெரிக்கா போய் ஆடிவிட்டு வந்திருந்தார்கள். முதல் பாதியிலேயே கால் கனத்துப் போனது திரையில் தெரிந்தது. ஃபாரஸ்ட் பின்னால் அடைத்து நின்று, ஓடக்கூடிய இரண்டு பேரை இரண்டாம் பாதிக்கு வைத்திருந்தார்கள். 72ஆவது நிமிடம். மாற்று ஆட்டக்காரர் எலாங்கா வலப்பக்கமிருந்து திடலின் குறுக்கே பந்தை அனுப்ப, இன்னொரு மாற்று ஆட்டக்காரர் ஹட்சன்-ஓடோய் இடப்பக்கம் வாங்கி உள்ளே வெட்டி வலது காலால் தூர மூலைக்கு வளைத்துவிட்டார். லிவர்பூலின் ஆன்ஃபீல்டில் ஃபாரஸ்ட் ஜெயித்தது 1969க்குப் பிறகு அதுதான் முதல் முறை. கடையில் பேச்சு மூச்சில்லை.

அன்றைக்கு லிவர்பூலிடம் பந்து இருந்தது, வழி இல்லை. அடைத்து நிற்கும் குழுவைத் திறக்க ஸ்லாட்டிடம் இன்னும் முழு விடை இல்லை என்பது என் எண்ணம். அந்த அளவுக்கு நீங்கள் சொல்வது சரி.

ஆனால் தோல்விக்குப் பிறகு ஒரு நிர்வாகி என்ன செய்கிறார் என்பதில்தான் அவரைத் தெரிந்துகொள்ளலாம். அடுத்து மிலான் ஆட்டம். டியாஸை உட்கார வைத்து காக்போவை இறக்கினார். ராபர்ட்சனுக்குப் பதில் சிமிகாஸ். காக்போ அன்று இடப்பக்கத்தில் மிலானை அலைக்கழித்தார். சனிக்கிழமை போர்ன்மத்தோடு டியாஸ் திரும்பி வந்தார், இரண்டு நிமிட இடைவெளியில் இரண்டு கோல். ஓய்வு கொடுத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். இதே பதினொருவரை வைத்துத் தேய்க்கக் கூடாது என்று ஒரே தோல்வியில் முடிவெடுத்திருக்கிறார்.

2016இல் செல்சியில் அந்தோனியோ கொன்டே நினைவுக்கு வருகிறார். செப்டம்பரில் அர்செனலிடம் 3-0 என்று அடி வாங்கினார். அடுத்த வாரமே தற்காப்பில் மூன்று பேர் என்று அமைப்பை மாற்றினார். தொடர்ந்து 13 லீக் ஆட்டங்களை ஜெயித்து, கடைசியில் கிண்ணத்தையும் தூக்கினார். ஸ்லாட்டின் மாற்றம் அவ்வளவு பெரியதில்லை, ஆனால் அதே குணம் தெரிகிறது. முதல் நாளே அது தெரிந்தது. இப்ஸ்விச்சில் இடைவேளையில் 0-0. இளைஞர் குவான்சாவை எடுத்துவிட்டு கொனாட்டேவை இறக்கினார். பந்துக்கான மோதல்களில் அதிகம் தோற்றதுதான் காரணம் என்று பிறகு வெளிப்படையாகவே சொன்னார். இரண்டாம் பாதியில் ஜோட்டா, சாலா என்று இரண்டு கோல். அதன் பிறகு லீக்கில் அந்த இடம் கொனாட்டேவுடையது. புது இடத்தில் முதல் ஆட்டத்திலேயே இடைவேளையில் ஒரு தற்காப்பு ஆட்டக்காரரை எடுப்பதற்குத் துணிச்சல் வேண்டும்.

என் மகனுக்கு 13 வயது. பள்ளிக் குழுவில் மத்தியத் திடலில் ஆடுகிறான். லிவர்பூல் ஆட்டம் என்றால் விடியற்காலை 3 மணிக்கும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறான். பார்ப்பதாவது உருப்படியாகப் பார்க்கட்டும். எதைக் கவனிக்கச் சொல்வது?
– ஒரு தாய், ஆயர் ஈத்தாம், பினாங்கு

அம்மா, முதலில் அந்த 3 மணி விஷயம். 24ஆம் தேதி வியாழக்கிழமை விடியற்காலை சாம்பியன்ஸ் லீக்கில் லைப்சிக் ஆட்டம் வருகிறது. மறுநாள் பள்ளி இருந்தால் தூங்கட்டும். மாலையில் மறுஒளிபரப்பைப் பார்க்கலாம். தூக்கமில்லாத கால் மறுநாள் திடலில் ஓடாது. இதை நான் பயிற்சி கொடுக்கும் பிள்ளைகளுக்கும் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

கவனிக்க வேண்டியது ரயன் கிராவன்பெர்க். ஜெர்சி எண் 38. பந்தைப் பார்க்காமல் அவரை மட்டும் பத்து நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள். பந்து வேன் டைக்கிடம் இருக்கும்போது கிராவன்பெர்க் தோளுக்கு மேல் திரும்பிப் பின்னால் பார்ப்பார். பந்து வரும் வழியில் இன்னொரு முறை பார்ப்பார். அதனால் பந்து காலுக்கு வரும்போது எந்தப் பக்கம் ஆள் வருகிறான் என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும். பந்தை நேராக நிறுத்த மாட்டார். உடம்பைப் பாதி திருப்பி, தூரக் காலால் வாங்குவார். வாங்கும் அந்த ஒரே தொடுதலில், துரத்தி வந்தவன் பின்னால் போய்விடுவான். முன்னால் இருபது மீட்டர் வெட்டவெளி.

நம் பிள்ளைகள் பெரும்பாலும் பந்து வந்த பிறகுதான் தலையைத் தூக்குகிறார்கள். அதற்குள் எதிரணிக்காரன் மேலே விழுந்திருப்பான். சனிக்கிழமை காலை செந்தூலில் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு நான் பயிற்சி கொடுக்கும்போது, பின்னால் நின்று விரல்களைக் காட்டுவேன். பந்து கால்படும் முன் எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும். உங்கள் மகனுக்கும் வீட்டு வாசலில் இதைச் செய்து பார்க்கலாம். நீங்கள் விரல் காட்டுங்கள், அவன் அப்பா பந்து போடட்டும்.

இந்தக் கிராவன்பெர்க் போன பருவமும் இதே குழுவில்தான் இருந்தார். பாதி நாள் மாற்று வரிசையில். அயாக்சில் வளர்ந்து, பாயர்னில் இடம் கிடைக்காமல் லிவர்பூலுக்கு வந்தவர். சுபிமெண்டி வராதபோது வெளியே ஆள் தேடாமல், இருப்பவரைப் பின்னுக்கு இழுத்து இந்த இடத்தில் நிறுத்தியது ஸ்லாட்டின் முடிவு. யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்டில் 3-0 என்று ஜெயித்த ஆட்டத்தின் முதல் கோலைப் பார்க்கச் சொல்லுங்கள். கசிமீரோ தட்டிய பந்தைப் பறித்து முன்னால் ஓடியது இவர்தான். சாலா தூக்கிப் போட, தூரக் கம்பத்தில் டியாஸ் தலையால் முடித்தார். எல்லாரும் டியாஸைக் கொண்டாடினார்கள். உங்கள் மகன் கிராவன்பெர்க்கைப் பார்க்கட்டும்.

கோல்காவலர் அலிசன் தொடைத் தசையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினாரே! இனி என்ன ஆகும்?
– ஈப்போ வாசகர்

பேலஸ் ஆட்டத்தில் அவர் வெளியேறியபோது எனக்கும் பகீரென்றது. இரண்டாம் கோல்காவலர் கெல்லெஹருக்கு அன்று உடம்பு சரியில்லை, யாரோஷ் என்ற இளைஞர் முதல் முறையாக இறங்கி 1-0 என்ற வெற்றியைக் காப்பாற்றிக் கொடுத்தார். அலிசன் சில வாரம் ஆட முடியாது. ஆனால் கெல்லெஹர் சாதாரண மாற்று ஆள் இல்லை. போன பிப்ரவரியில் வெம்பிளியில் செல்சிக்கு எதிரான லீக் கிண்ண இறுதியாட்டத்தில் 120 நிமிடமும் கோல் விடாமல் நின்றவர். பந்தைக் காலால் ஆடுவதிலும் தெளிவு உண்டு. ஸ்லாட்டின் ஆட்டத்துக்கு அது முக்கியம்.

"ஸ்பைடர்மேன்" ஆர். ஆறுமுகம் என்ற நம் தேசியக் கோல்காவலரைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நாம். கோல்காவலர் ஒருவர் பின்னால் உறுதியாக நின்றால் முன்னால் பத்துப் பேருக்கும் நெஞ்சு நிமிரும் என்பது நமக்குத் தெரியும். கெல்லெஹருக்கு அந்த உறுதி இருக்கிறது என்று நம்புகிறேன்.

நான் யுனைடெட் ரசிகன். ஏழு ஆட்டத்தில் 8 புள்ளி, 5 கோல். ஸ்லாட்டைப் பார்த்தால் வயிறு எரிகிறது. நாமும் நிர்வாகியை மாற்ற வேண்டியதுதானே?
– பூச்சோங் வாசகர்

எரிக் டென் ஹாக்குக்கு இது மூன்றாவது பருவம். புதியவருக்குக் கொடுக்கும் அவகாசத்தை அவருக்கும் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டில் லிவர்பூலிடம் 3-0, டோட்டன்ஹாமிடம் 3-0. இரண்டு ஆட்டத்திலும் மத்தியத் திடல் திறந்து கிடந்தது. மூன்றாம் ஆண்டிலும் அந்த ஓட்டை அடைபடவில்லை என்றால் அது பழக்கமாகிவிட்டது என்றுதான் அர்த்தம்.

ஆனால் ஆளை மாற்றுவதற்கு முன் அடுத்தவர் என்ன ஆட்டம் ஆடுவார், அதற்கு ஏற்ற ஆட்கள் இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். இதற்கு முன் நெதர்லாந்தின் ஃபெய்னோர்ட் குழுவில் ஸ்லாட் ஆடவைத்த ஆட்டத்துக்கு இந்த ஆட்கள் பொருந்துவார்கள் என்று பார்த்துத்தான் லிவர்பூல் அவரை எடுத்தது. யுனைடெட் 2013இலிருந்து ஒவ்வொரு முறையும் வேறு வேறு வகை நிர்வாகியை எடுத்து, ஒவ்வொருவருக்கும் வேறு வேறு வகை ஆட்டக்காரர்களை வாங்கிக் குவித்திருக்கிறது. அந்த முறை மாறாமல் ஆள் மட்டும் மாறினால் உங்கள் வயிற்றெரிச்சல் தீராது.

புதிய நிர்வாகிகள் செல்சியின் மரெஸ்கா, பிரைட்டனின் ஹுர்சலர் பற்றியும் இரண்டு வார்த்தை?
– ரவாங் வாசகி

மரெஸ்கா 14 புள்ளி, நான்காவது இடம். அத்தனை பெரிய கூட்டத்திலிருந்து பதினொரு பேரைப் பொறுக்கி ஒரு வடிவம் கொடுத்ததே பெரிய வேலை. கோல் பால்மருக்குத் திடலின் நடுவில் இடம் கொடுத்திருக்கிறார், பிரைட்டனுக்கு எதிராக முதல் பாதியிலேயே நான்கு கோல் வந்தது. ஹுர்சலருக்கு வயது 31. டோட்டன்ஹாமிடம் இடைவேளையில் 0-2 என்று பின்தங்கி, 3-2 என்று ஜெயித்தார். இவரைத் தொடர்ந்து கவனியுங்கள்.

சாலா, வேன் டைக், ட்ரென்ட் மூவருக்கும் இந்தப் பருவத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. அதனால் குழு கெடாதா?
– காஜாங் வாசகர்

இதுவரை திடலில் அதன் நிழல் விழவில்லை. ஒப்பந்தம் போடுவது நிர்வாகியின் வேலை இல்லை, அலுவலகத்தின் வேலை. அதை அவர்கள் சீக்கிரம் முடிக்க வேண்டும். இதில் ஸ்லாட்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இங்கிலாந்தைப் பற்றியே எழுதுகிறீர்கள். நம் நாட்டில் பயிற்றுநர் இரண்டு ஆட்டம் தோற்றால் போதும், "வெளியே போ" என்கிறோம். அதைப் பற்றிச் சொல்லுங்கள்.
– செராஸ் வாசகர்

சொல்கிறேன். 2010 டிசம்பர் 1. ஆசியான் கிண்ணப் போட்டியின் முதல் ஆட்டம், ஜகார்த்தாவில் இந்தோனேசியாவிடம் மலேசியா 5-1 என்று தோற்றது. பயிற்றுநர் டத்தோ கே. ராஜகோபால். அதற்கு முந்தின ஆண்டுதான் லாவோசில் நடந்த சீ (தென்கிழக்காசிய) விளையாட்டில் இளைஞர்களை வைத்து, இருபது ஆண்டுக்குப் பிறகு நமக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்திருந்தார். ஆனாலும் 5-1ஐப் பார்த்தவர்கள் அதையெல்லாம் நினைத்துப் பார்க்கவில்லை. எத்தனை கடுமையான பேச்சு!

அவர் அந்த இளைஞர்களைக் கைவிடவில்லை. தாய்லாந்தோடு 0-0, லாவோசை 5-1. அரையிறுதியில் வியட்நாமை இங்கே 2-0 என்று ஜெயித்து, அங்கே 0-0 என்று தாக்குப்பிடித்தார்கள். டிசம்பர் 26, புக்கிட் ஜாலில். முதல் இறுதியாட்டம். எதிரே அதே இந்தோனேசியா. இடைவேளை வரை கோல் இல்லை. அப்புறம் சஃபி சாலி இரண்டு, அஷாரி ஒன்று. 3-0. அன்று அரங்கத்தில் இருந்தவர்களுக்கு அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கும். ஜகார்த்தாவில் 2-1 என்று தோற்றாலும் மொத்தத்தில் 4-2. அந்தக் கிண்ணம் மலேசியாவுக்கு முதல் முறையாக வந்தது, ஒரு தமிழர் கையால் வந்தது. எனக்கு அதில் பெருமை உண்டு, மறைக்கவில்லை.

5-1க்கும் 3-0க்கும் நடுவில் இருபத்தைந்து நாள்தான். முதல் ஆட்டத்தோடு அவரை அனுப்பியிருந்தால் அந்த டிசம்பர் நமக்குக் கிடைத்திருக்காது. நம் சங்கங்கள் பயிற்றுநரை எடுக்கும்போதே என்ன எதிர்பார்க்கிறோம், எவ்வளவு காலம் தருகிறோம் என்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். நான்காவது ஆட்டத்தில் கூட்டம் கூடி முடிவெடுப்பது ஆட்டக்காரர்களுக்கும் அநியாயம். சம்பளப் பாக்கியோடு புதுப் பயிற்றுநர், புதுத் திட்டம் என்று அவர்கள்தான் அலைகிறார்கள்.

கடைசியாக ஒன்று. லிவர்பூல் இந்த முறை கிண்ணம் வாங்குமா, வாங்காதா? நழுவாமல் சொல்லுங்கள்.
– பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகர்கள் நால்வர்

நழுவவில்லை. இன்றைய தேதிக்கு முதல் இரண்டு இடத்துக்குள் முடிக்கும் என்று சொல்வேன். முதலிடம் என்று சொல்ல இன்னும் மூன்று ஆட்டம் பார்க்க வேண்டும்.

ஏன் இந்த எச்சரிக்கை என்றால், போன பருவம் டோட்டன்ஹாமுக்குப் புதிய நிர்வாகியாக போஸ்டெகோக்லு வந்தார். முதல் பத்து ஆட்டத்தில் ஒரு தோல்வி இல்லை, 26 புள்ளி, முதலிடம். பதினோராவது ஆட்டம் செல்சியோடு. ரோமேரோவும் உடோகியும் சிவப்பு அட்டை வாங்கினார்கள், மேடிசனும் வேன் டி வெனும் காயம்பட்டு வெளியேறினார்கள். 4-1 தோல்வி. பருவ முடிவில் ஐந்தாவது இடம். அவர் ஆட்டம் இரண்டு மூன்று ஆட்களின் மேல் நின்றது, அந்த ஆட்கள் போனதும் ஆட்டமும் போனது. லிவர்பூலில் அப்படி நடக்கக்கூடிய இடம் கிராவன்பெர்க்கின் இடம். அவருக்கு இணையான மாற்று ஆள் இல்லை. எண்டோ உழைப்பாளி, ஆனால் பந்தோடு அப்படித் திரும்ப மாட்டார். என் ஒரே பயம் அதுதான்.

20ஆம் தேதி ஞாயிறு இரவு 11.30க்கு ஆன்ஃபீல்டில் செல்சி. பால்மர் நிற்கும் இடமும் கிராவன்பெர்க் காக்கும் இடமும் ஒன்று. பால்மரைத் துரத்திக்கொண்டு அவர் இடத்தை விட்டு இழுபட்டால் நடுவில் பெரிய ஓட்டை விழும். மெக் அலிஸ்டர் அதை அடைக்கிறாரா என்று பாருங்கள். அடுத்து லைப்சிக். அதற்கடுத்து அர்செனலின் மண்ணில். இங்கிலாந்தில் அன்றைக்குத்தான் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுகிறார்கள், அதனால் அந்த ஆட்டம் நமக்குத் திங்கட்கிழமை, 28ஆம் தேதி, நள்ளிரவு 12.30க்கு. ஞாயிறு இரவு 11.30க்கே கடையில் போய் இடம் பிடித்துவிட்டு ஏமாற வேண்டாம்.

அர்செனல் கார்னர் பந்துகளில் அடிக்கிற குழு. கொனாட்டேவும் வேன் டைக்கும் அதில் தாக்குப்பிடித்து, இரண்டு லீக் ஆட்டங்களிலும் சேர்த்து நான்கு புள்ளி கொண்டு வந்தால் அடுத்த இதழில் முதலிடம் என்றே எழுதுகிறேன்.